24 இன்ச் சைக்கிளுக்கு 28 இன்ச் டயர் ஏன்?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிளை ஊரே 24 இன்ச் என்கிறது, டயரிலோ 28 என்று போட்டிருக்கிறது, எது சரி? புதிதாக வாங்கப் போன இடத்தில் "உங்க உயரத்துக்கு 26 எடுத்துக்குங்க" என்கிறார் கடைக்காரர், விளம்பரங்களில் 27.5, 700சி, 17 இன்ச், மீடியம் என்று என்னென்னவோ வருகிறது. ஐந்தடி ஐந்து அங்குல ஆளுக்கு எது பொருந்தும்? பழைய வண்டியையே சரிபண்ணி ஓட்டினால் என்ன?

மூன்றுக்கும் முடிச்சு ஒரே இடத்தில்தான். சைக்கிளுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று ஃபிரேமின் அளவு. அது உங்கள் உடம்போடு சம்பந்தப்பட்டது. இன்னொன்று சக்கரத்தின் அளவு. அது டயரோடு சம்பந்தப்பட்டது. பேச்சில் இந்த இரண்டில் எதையோ ஒன்றைச் சொல்லி, அதையே "சைக்கிள் சைஸ்" என்று விட்டுவிடுகிறோம்.

அப்பாவின் வண்டியில் இரண்டு எண்ணுமே சரி. 24 என்பது ஃபிரேம்: பெடல் கிராங்கு சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட் செருகும் குழாயின் மேல்நுனி வரை உள்ள நீளம். 28 என்பது காற்றடித்த டயரின் வெளி விட்டம், அதுவும் தோராயமாக. இந்தக் கறுப்பு வண்டி, இங்கிலாந்தில் அன்றாட உபயோகத்துக்கு ஓட்டிய ரோட்ஸ்டர் என்ற வகையின் வாரிசு. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் ஆகட்டும், 1956-ல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ ஆகட்டும், ஆண்கள் ஓட்டும் கறுப்பு வண்டி என்றால் சக்கரம் பெரும்பாலும் 28தான். எல்லா வண்டியிலும் ஒரே எண் இருக்கும்போது அதை யார் சொல்லப் போகிறார்கள்? மாறுவது ஃபிரேம் மட்டும்: 20, 22, 24. அதனால் ஃபிரேமின் எண்ணே வண்டியின் பெயராகிவிட்டது. பின்னால் வந்த கலர் வண்டிகளில் இது தலைகீழாயிற்று. ஒரு மாடலுக்கு ஒரே ஃபிரேம்தான் செய்தார்கள், சக்கரம்தான் 20, 24, 26 என்று மாறியது. ஆகவே சக்கரத்தின் எண் பெயரானது. உங்கள் அப்பா வண்டியின் 24-ம், கடைக்காரர் சொன்ன 26-ம் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

(நம் ஊரில் எண்ணே இல்லாத ஓர் அளவு முறையும் இருந்தது. வாடகை சைக்கிள் கடையில் கால் சைக்கிள், அரைச் சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று வரிசையாக நிற்கும். அரைச் சைக்கிள் கிடைக்காத பையன் பெரிய வண்டியை எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் அடிப்பான். அளவு பொருந்தாத ஃபிரேமை ஓட்டுவது எப்படி என்று அதைவிடத் தெளிவாக யாரும் செய்து காட்டியதில்லை.)

சரி, முதலில் உங்களை அளப்போம். உயரம் போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கால் நீளம் மூன்று, நான்கு சென்டிமீட்டர் மாறுவது சாதாரணம். வேண்டியது உள்கால் நீளம். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, முதுகுப்பக்கம் சுவரைத் தொடும்படி, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அதுவரை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பேன்ட்டுக்குத் தையல்காரர் எடுக்கும் கால் அளவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது எப்போதும் குறைவாகத்தான் வரும்.

ஐந்தடி ஐந்து அங்குலம் என்றால் 165 செ.மீ. உங்களுக்கு உள்கால் 76 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணை 0.883 ஆல் பெருக்கினால் 67. கிராங்கு அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் குழாயை ஒட்டியே அளந்தால் வர வேண்டிய உயரம் இது. 1980-களில் பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரும் அவருடைய வீரர் கிரெக் லெமாண்டும் பரப்பிய கணக்கு. பந்தய வீரர்களுக்காக வந்ததுதான், ஆனால் கால் எல்லோருக்கும் கால்தானே. கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் இன்னொரு வழி: சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுபோய், குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் மடங்காமல் கால் நேராக நின்றால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முழங்காலில் வேண்டிய மடக்கு தானாக வந்துவிடும். இரண்டு வழிகளிலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

இந்த 67-ஐ மனதில் வைத்துக்கொண்டு அப்பாவின் வண்டியிடம் போவோம். 24 இன்ச் என்பது 61 செ.மீ. அதற்கு மேல் ஸ்பிரிங் சீட். சீட் பில்லரை (சீட்டைத் தாங்கும் தண்டை) முழுக்க இறக்கினாலும் சீட்டின் கட்டுக்கே எட்டு, ஒன்பது செ.மீ. போய்விடும். ஆக மிகக் குறைந்த உயரமே 70 அளவில் நிற்கும். உங்களுக்கு வேண்டியது 67. மூன்று செ.மீ. கூட. இந்த மூன்று செ.மீ. என்ன செய்யும் என்பதை நாம் எல்லோரும் தெருவில் பார்த்திருக்கிறோம். 24 இன்ச் ஓட்டும் சராசரி உயரக்காரர் இடுப்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மிதிப்பார். அது பழக்கமோ ஸ்டைலோ இல்லை. கீழே போகும் பெடலைக் கால் துரத்திக்கொண்டு போகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு இடுப்புவலி என்று வந்து நிற்பவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் சேர்வார்களோ.

சீட் மட்டுமல்ல, பாரும் இருக்கிறது. பாரின் இரண்டு பக்கமும் காலூன்றி நிற்கும்போது பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு, மூன்று செ.மீ. இடைவெளியாவது வேண்டும். 24 இன்ச் ரோட்ஸ்டரின் பார் தரையிலிருந்து 85 செ.மீ. சுற்றி நிற்கும். 76 செ.மீ. கால்காரர் அதில் நேராக நிற்கவே முடியாது, வண்டியை ஒரு பக்கம் சாய்த்துத்தான் நிற்க வேண்டும். 22 இன்ச் என்றால் (56 செ.மீ.) சீட் உயரம் 65-லிருந்து தொடங்கும், உங்களுக்குப் பொருந்திவிடும், பார் மட்டும் அப்போதும் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும். அதனால் முதல் வேலை, ஊர் சொல்வதை விட்டுவிட்டு அந்தச் சீட் குழாயை அளந்து பாருங்கள். 24 என்று பேர் வாங்கிய வண்டிகள் பல அளந்தால் 22-தான். பெரிய வண்டி வைத்திருப்பது ஒரு காலத்தில் கௌரவம்.

இனிப் புது வண்டி. கறுப்பு ரோட்ஸ்டரில் 22 பொருந்துகிற அதே ஆளுக்கு ரோடு பைக்கில் 50 செ.மீ. என்பார்கள், மலைப்பாதை வண்டியில் 16 இன்ச் என்பார்கள். 56, 50, 41 என்று சென்டிமீட்டரில் மூன்று எண்கள், ஆள் ஒருவர்தான். பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரிந்தாலும் காரணம் எளிது. பார் தரைக்கு இணையாக இருந்த காலத்தில் சீட் குழாயின் நீளத்தைச் சொன்னால் முழு ஃபிரேமும் கண்முன் வந்துவிடும். பாரைப் பின்பக்கம் சரித்துச் செய்ய ஆரம்பித்ததும் சீட் குழாய் குட்டையாகிவிட்டது, ஆனால் ஓட்டுபவர் உட்காரும் இடம் மாறவில்லை. நீண்ட சீட் பில்லர் அந்தக் குறையை நிரப்புகிறது. மலைப்பாதை வண்டிகளில் தொடங்கிய இந்தச் சரிவைப் பந்தய வண்டிக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய வடிவமைப்பாளர் மைக் பர்ரோஸ். 1990-களின் பிற்பகுதியில் ஜயன்ட் நிறுவனத்துக்காக அவர் செய்த டி.சி.ஆர். வண்டிக்குப் பிறகு, பத்து அளவில் ஃபிரேம் செய்த இடத்தில் ஸ்மால், மீடியம், லார்ஜ் போதும் என்றாகிவிட்டது. தொழிற்சாலைக்கு அது லாபம். வாங்குபவருக்கோ, சட்டைக்கடையில் நிற்கிற கதை. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் ஸ்மாலாக இருக்கும்.

இதற்கு மேல் இன்னொரு தொல்லை. கிராங்கு அச்சின் நடுவிலிருந்து அளக்கத் தொடங்குவதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், முடிக்கும் இடத்தில்தான் சண்டை. சிலர் சீட் குழாயின் நுனி வரை, சிலர் பாரின் மேல்புறம் வரை, இத்தாலிய வழக்கத்தில் பாரின் நடுக்கோடு வரை. ஒரே ஃபிரேமுக்கு இதனால் ஒன்றிரண்டு செ.மீ. கூடக்குறைய வரும். உள்காலை 0.65 ஆல் பெருக்கினால் ரோடு ஃபிரேம் அளவு வரும் என்ற கணக்கு (உங்களுக்கு 49.4) நடுவிலிருந்து நடு வரை அளப்பதற்கானது, அதுவும் பார் நேராக இருக்கும் ஃபிரேமுக்கு. சரிந்த பாருக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது வீண்.

சரி, அப்படியானால் புது வண்டியில் எதைத்தான் அளப்பது? சீட் உயரத்தைப் பில்லரால் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அவ்வளவு எளிதில் மாற்ற முடியாதது நீளம், அதாவது சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தூரம் என்பது. பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு வழி உண்டு: முழங்கையைச் சீட்டின் முன்நுனியில் ஊன்றி, கையை முன்னால் நீட்டினால் விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். நம் கணக்கில் ஒரு முழம். முரட்டுக் கணக்குத்தான், ஆனால் கடையில் நிற்கும் பத்து வண்டிகளில் எட்டைக் கழித்துவிட அது போதும்.

சரியாக அளக்க வேண்டுமென்றால் ஃபிரேமின் இரண்டு எண்களைப் பாருங்கள். கம்பெனிகள் ரீச், ஸ்டாக் என்று போடுவது இவற்றைத்தான். கிராங்கு அச்சின் நடுவிலிருந்து, ஹேண்டில் நுழையும் முன்குழாயின் மேல்நுனி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். சீட் குழாய் எவ்வளவு சரிந்திருக்கிறது, பார் எப்படி வளைந்திருக்கிறது என்ற எதுவும் இந்த எண்களைப் பாதிக்காது. வீட்டிலேயே அளக்கலாம். சமதளத் தரையில், பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நிறுத்தி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, கொத்தனாரின் ரசமட்டத்தைச் சீட் குழாயில் பக்கவாட்டில் வைத்து வண்டி சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து கிராங்கு நடு வரை ஓர் அளவு, சுவரிலிருந்து முன்குழாய் நுனியின் நடு வரை ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரீச். தரையிலிருந்து இதே இரண்டு புள்ளிகளின் உயரத்தை அளந்து கழித்தால் ஸ்டாக். முன்குழாய் நுனி அந்தரத்தில் இருப்பதால் அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையில் தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் சுவரிலிருந்து அளப்பது சுலபம்.

நண்பர் யாருடைய வண்டியாவது உங்களுக்கு வசதியாக இருந்தால், அதை இப்படி அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதே வகை வண்டி வாங்கும்போது எழுத்தையும் இன்ச்சையும் பார்க்காமல் இந்த இரண்டு எண்களை ஒப்பிடலாம். வளைந்த ஹேண்டில்பார் வண்டியையும் நேர் ஹேண்டில்பார் வண்டியையும் ஒப்பிடக் கூடாது, ஹேண்டில்பாரே கையை வேறு வேறு இடத்தில் வைக்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் நான் சின்னதைத்தான் எடுக்கச் சொல்வேன். சின்ன ஃபிரேமில் பில்லரை ஏற்றலாம் (அதில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியாதவரை), ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைச் சற்று நீளமாக மாற்றலாம். பெரிய ஃபிரேமை அறுத்துச் சின்னதாக்க முடியாது.

இனிச் சக்கரம். "உங்க உயரத்துக்கு 26" என்று கடைக்காரர் சொன்னதில் தவறு இதுதான்: சக்கரம் ஆளுக்குப் பொருந்துவதில்லை, ஃபிரேம்தான் பொருந்துகிறது. சக்கரத்தை ஆளின் கால் பார்த்து வாங்கிய காலம் ஒன்று உண்மையாகவே உண்டு. 1870-களில், முன்சக்கரம் பிரம்மாண்டமாகவும் பின்சக்கரம் குட்டியாகவும் இருந்த வண்டிகளில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும், கால் எட்டும் வரைதான் பெரிதாக்கலாம். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சேஃப்டி வண்டியில் பின்சக்கரத்துக்குச் செயின் போட்டதோடு அந்தக் கட்டாயம் போயிற்று. கடைக்காரருடைய கணக்கு அந்தக் காலத்துக் கணக்கு. மலிவு மாடல்களில் 24 வீலுக்குச் சின்ன ஃபிரேம், 26 வீலுக்குப் பெரிய ஃபிரேம் என்று ஒவ்வொன்றுதான் வருகிறது, அதனால் அவருக்கு அது ஓடிவிடுகிறது. நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் வைத்து அளக்க வெட்கப்பட வேண்டாம்.

சக்கர அளவில் பெரிய குழப்பமே, அந்தப் பெயர்கள் டயரின் வெளி விட்டத்தைச் சொல்வதுதான். டயர் ரிம்மில் உட்காருவது உள் விட்டத்தில். வெளியே ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று, தடித்த டயருக்குச் சின்ன ரிம், ஒல்லி டயருக்குப் பெரிய ரிம் என்று ஆளாளுக்குச் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை முறைப்படுத்தி, 700 மில்லிமீட்டர் வெளி விட்டத்துக்கு ஒல்லி டயரை ஏ, நடுத்தரத்தை பி, தடித்ததை சி என்று வைத்தார்கள். ரிம்முகள் முறையே 642, 635, 622. பிற்பாடு டயரின் தடிமன் எப்படியெப்படியோ மாறி, எழுத்து மட்டும் ரிம்மின் பெயராக ஒட்டிக்கொண்டது. இன்று 700சி ரிம்மில் 25 மி.மீ. டயர் போட்டால் வெளி விட்டம் 672தான், 700 எங்கே? அதே 622 ரிம்மில் தடித்த மலைப்பாதை டயரைப் போட்டால் 29 இன்ச் என்று விற்கிறார்கள். ஜெர்மனியில் அதையே 28 என்பார்கள். உங்கள் அப்பாவின் 28 × 1½ இந்தக் கணக்கில் யார் தெரியுமா? 635, அதாவது 700பி. சீனாவின் ஃபிளையிங் பிஜியனும், நெதர்லாந்தின் பழைய தாத்தா சைக்கிள்களும் இதே ரிம்தான்.

26-இன் கதை இன்னும் மோசம். 26 இன்ச் என்ற பெயரில் மட்டும் 559, 571, 584, 590, 597 என்று ஐந்து ரிம்முகள் உலகில் உண்டு. 26 × 1.75 போலப் புள்ளி வைத்து எழுதியிருந்தால் மலைப்பாதை வண்டியின் 559. 26 × 1⅜ என்று பின்னத்தில் இருந்தால் 590. 26 × 1½ என்றால் 584. பள்ளிக்கூடக் கணக்கில் 1½-ம் 1.5-ம் ஒன்று. சைக்கிள் கடையில் ஒன்றல்ல. பின்னத்தில் எழுதியதற்குப் புள்ளியில் எழுதியதை மாற்றிப் போட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிப் பணம் மிச்சம். அப்புறம் இந்த 27.5. 26-க்கும் 29-க்கும் நட்டநடுவில் இருப்பது போலப் பெயர் வைத்துவிட்டார்கள். ரிம் என்னவோ பழைய 584தான். 26-ஐவிட 25 மி.மீ. பெரிது, 29-ஐவிட 38 மி.மீ. சிறிது. நடுவில் இல்லை, 26 பக்கம் சாய்ந்து நிற்கிறது.

இந்தக் காட்டில் நம்பத்தக்கது ஒரே ஒரு எண்தான். டயரின் பக்கச்சுவரில் 40-635, 37-590, 50-559 என்று சின்னதாகப் புடைத்திருக்கும். ஐஎஸ்ஓ 5775 தரத்தின்படி முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் ஒத்துப்போகாத டயர் உங்கள் ரிம்முக்கு ஆகாது, விளம்பரம் எதைச் சொன்னாலும். முதல் எண்ணில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். 40-க்குப் பதில் 37 போட்டால் ஒன்றும் ஆகாது, மட்கார்டிலும் போர்க்கிலும் உரசாமல் இருந்தால் சரி. பழைய டயரில் எழுத்து தேய்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள், புடைப்பு மட்டும் வெள்ளையாக எழும்பும்.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை ஒரு ஜோடி டயர். வீட்டிலிருந்த கறுப்பு சைக்கிளுக்கு, தபாலில் "28 இன்ச், நல்ல தடிமன்" என்று வரவழைத்தேன். வந்தது 47-622. விட்டத்தில் 13 மி.மீ. குறைவு. ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் ஏறவில்லை. டயர் லீவர், ஸ்பேனரின் வால், கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் பலம் என்று எல்லாம் போட்டும், ரிம்மின் விளிம்பு வளைந்ததே தவிர டயர் ஏறவில்லை. டயரின் விளிம்புக்குள் இருப்பது எஃகுக் கம்பி, அது ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. யோசித்துப் பார்த்தால் ஏறாமல் போனது நல்லது. தலைகீழ்த் தவறுதான் ஆபத்து: 622 ரிம்மில் 635 டயர் சுலபமாக ஏறிவிடும், காற்றடித்து ரோட்டில் போகும்போது விளிம்பு நழுவி டியூப் வெளியே வந்து வெடிக்கும். சுலபமாக ஏறுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். டியூப் அப்படியல்ல, ரப்பர் நீளும். 590-க்கான டியூபை 584-க்குப் போட்டால் தெரியவே தெரியாது. அதில் வால்வு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

டயரே இல்லாமல் வெறும் ரிம் கையில் இருந்தால், டயர் விளிம்பு உட்காரும் பள்ளத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பியை இறுக்கி, சேரும் இடத்தில் வெட்டி, நிமிர்த்தி அளக்கலாம். நூல் இழுத்தால் நீளும், வேண்டாம். தையல் டேப் 150 செ.மீ.யோடு முடிந்துவிடும், சுற்றி வராது. கம்பியின் நீளம் 1756 மி.மீ. வந்தால் 559, 1835 என்றால் 584, 1854 என்றால் 590, 1954 என்றால் 622, 1995 என்றால் 635. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 19 மி.மீ. இடைவெளி இருப்பதால் நாலைந்து மி.மீ. பிசகினாலும் குழப்பம் வராது. விட்டத்தை நேராக அளந்தால் 584-க்கும் 590-க்கும் ஆறே மி.மீ.தான், அங்கேதான் ஏமாறுவோம்.

குழந்தைகள் வண்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. அங்கே 12, 16, 20, 24 என்று சக்கரத்தை வைத்து வாங்குவது பெரும்பாலும் ஓடிவிடும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஃபிரேம்தான் என்பதால். வயதைப் பார்க்காமல் உள்காலை அளந்து, சீட்டை முழுக்க இறக்கிய நிலையில் அதன் உயரம் உள்காலைவிடக் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசா எடுத்துடலாம்" என்று வாங்கிய வண்டி ஒரு வருடம் மூலையில் நிற்கும். பிரேக் பிடித்துக் காலூன்ற முடியாத பிள்ளைக்குப் பயம்தான் வளரும்.

உங்களுக்கு என் யோசனை: புதிதாக வாங்குவதென்றால் ஊருக்குள் ஓட்ட, ரோடு பைக்குக்கும் மலைப்பாதை வண்டிக்கும் நடுவான ஹைபிரிட் வகையில் 16 அல்லது 17 இன்ச் ஃபிரேம், ஸ்மால் என்று போட்டிருக்கும். சக்கரம் 700சி-யா 27.5-ஆ என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆனால் சின்ன ஃபிரேமில் 700சி வந்தால் ஒன்றை மட்டும் சோதியுங்கள்: கிராங்கைப் படுக்கவைத்து, முன்பாதத்தைப் பெடலில் வைத்து, ஹேண்டிலைத் திருப்பும்போது முன்சக்கரமோ மட்கார்டோ செருப்பு நுனியில் இடிக்கிறதா? நெரிசலில் மெதுவாக வளைக்கும்போது அது கீழே தள்ளிவிடும். இடித்தால் 27.5 எடுங்கள்.

அப்பாவின் வண்டி அளந்து 22 என்று வந்தால் தயங்காமல் சரிபண்ணுங்கள். 24 என்று வந்தால், ஸ்பிரிங் சீட்டை எடுத்துவிட்டுத் தட்டையான சீட் போட்டால் இரண்டு, மூன்று செ.மீ. இறங்கும், ஓட்டக்கூடியதாகிவிடும். ஸ்டாண்ட் போட்டு ஏறுகிற பழக்கம் இருந்தால் பார் பெரிய பிரச்சினையில்லை. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ரோடு என்றால் வேண்டாம், வீட்டில் உயரமான யாருக்காவது கொடுத்துவிடுங்கள். டயர் 40-635, 28 × 1½ என்று கேட்டால் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். ரிம் துருப்பிடித்து மாற்ற வேண்டியிருந்தால், கேபிள் இல்லாமல் இரும்புத் தண்டால் இயங்கும் கம்பி பிரேக் வண்டி என்பதால் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். அதற்கென்று வளைவு வைத்த வெஸ்ட்வுட் ரிம்தான் வேண்டும், பளபளவென்று இருக்கிறதே என்று பக்கவாட்டில் பிரேக் பிடிக்கும் ரிம்மை வாங்கிவிடாதீர்கள். இந்த வண்டிகளில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ், பின்சக்கரத்துக்கு 40. கடைக்குக் கிளம்பும் முன் இரண்டிலும் எண்ணிக்கொள்ளுங்கள், 36 ஓட்டை ரிம்மோடு திரும்பி வந்தால் கோட்டம் எடுப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.